பதிவேடு இல்லாத கூட்டம்

தேயிலைத் தோட்ட மருந்தகத்தில் செவிலியராக இருப்பவருக்கு, யார் குடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இரத்தப் பரிசோதனை தேவையில்லை. சம்பளத்துக்கு மறுநாள் காலையில் வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை கேட்டு நிற்கிற வரிசை போதும். தொழிற்சாலையில் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளைகளுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கும் ஒருவர், சீட்டில் கையெழுத்துப் போட இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. கேட்டால், "குளிருக்குத்தான் சிஸ்டர்" என்றார். மது தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடு ஏறியதுபோல் தோன்றும்; உண்மையில் உடம்பு வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். கோத்தகிரிப் பக்கத்து மார்கழி இரவுக்கு இதைவிட மோசமான போர்வை இல்லை.

"நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று அவர் சத்தியம் செய்தபோது மனைவி அழுதுகொண்டே கும்பிட்டார். எனக்கோ பயம். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் ஓரிரு நாட்களில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்து, நினைவு தடுமாறி, உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவமனை, சத்தியம் பிறகு என்று சொல்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே உடம்பைத் தேற்றி அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஊர் திரும்பியவருக்கு வேலை முடிந்த பிறகு வருகிற மாலைப் பொழுது அப்படியே காத்திருந்தது. தொழிலாளர்கள் வரிசையாக ஒட்டி வாழும் லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பழைய குடிக் கூட்டாளி. அவர் இருமினால்கூட இங்கே கேட்கும்.

போதை மீட்புக்கான 14446 உதவி எண்ணில் பேசிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுச் சிகிச்சை மையங்களைச் சொன்னார்கள். எனக்கு வேண்டியது குடியை விட்டவர்கள் கூடுகிற இடம். அப்படி ஒன்றுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது 'பெயர் சொல்லாத குடிநோயாளிகள்'. 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில், குடியால் நொந்த ஒரு பங்குச் சந்தைக்காரரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கியது. 1957இல் இந்தியாவுக்கு வந்தது. தலைமுறைகளாக நடக்கிற ஒன்றை இந்த மலையில் தேட இவ்வளவு சுற்ற வேண்டியிருந்தது என்பதில் எனக்கு இன்னும் கோபம்தான். கடைசியில் கோயம்புத்தூர்க் குழுவிலிருந்த ஒருவர், குன்னூரில் ஒரு தேவாலயத்தின் பின்பக்கக் கூடத்தில் மாலைக் கூட்டம் நடப்பதாகச் சொன்னார்.

குன்னூர் என்றதும் நம் ஆள் முகம் தெளிந்தது. கோத்தகிரியில் என்றால் வரமாட்டாராம். இலை லாரி ஓட்டுகிறவர் முதல் மளிகைக் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவரைத் தெரியும். பெயரைச் சொல்லாமல் இருக்கும் உரிமை மலையில் பஸ் டிக்கெட் வாங்கினால்தான் கிடைக்கிறது. தேவாலயம் என்பதில்தான் அவருக்குத் தயக்கம். "மதம் மாறச் சொல்வார்களா சிஸ்டர்?" இடம் மட்டும்தான் அவர்களுடையது அண்ணா, கூட்டத்துக்கு எந்த மதமும் இல்லை என்றேன்.

வெளியாட்களும் வரக்கூடிய திறந்த கூட்டம் என்பதால் முதல் முறை நானும் உடன் போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளின் அட்டை, மூலையில் தேநீர்க் கேன். தேநீர் ஊற்றிய பெரியவர் எல்லோருக்கும் முழு டம்ளர் கொடுத்தார். நம் ஆளுக்கு மட்டும் பாதி. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நடுங்கும் கையில் பாதி டம்ளர் சிந்தாது. அந்த ஒரு டம்ளரில் இருந்த மரியாதை எங்கள் மருந்தகத்தில் பல நேரம் இல்லை. ஒருவர் எழுந்து, தன் மகளின் கம்மலை அடகு வைத்துக் குடித்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார், கூட்டமும் சிரித்தது. நம் ஆள் தலையைக் குனிந்துகொண்டார். அறிவுரை சொல்ல யாரும் வரவில்லை. நன்கொடைப் பை சுற்றி வந்தபோது நான் போட்ட ஐம்பது ரூபாயை அடுத்த நாற்காலிக்காரர் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். குடிநோயாளி அல்லாதவரிடம் வாங்குவதில்லை என்பது அவர்கள் மரபு.

சிக்கல் தோட்ட அலுவலகத்தில் வந்தது. விஷயம் தெரிந்ததும் தோட்ட மேலாளரான துரைக்கு உற்சாகம்: இன்னும் சிலரை அனுப்பலாம், வருகைச் சான்று வாங்கி வந்தால் விடுப்பு தரலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே வருகைப் பதிவேடு கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே சேர்வதற்கான தகுதி. முதலாளியின் விருப்பம் கணக்கில் வராது. சான்றுக்காக வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து பஸ் நேரத்தைத்தான் பார்ப்பார். அலுவலகக் கோப்பில் பெயர் ஏறிய மறுநாள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். நானும் நல அலுவலரும் சேர்ந்து இதை எடுத்துச் சொன்னோம். சான்று வேண்டாம், கூட்ட நாளன்று இரவு ஷிப்டு போடாமல் இருந்தால் போதும் என்று கேட்டோம். முணுமுணுப்போடு ஒப்புக்கொண்டார். கூட்டம் முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும் என்பதால், திரும்பி வர, கூட்டத்துக்குப் போகிறவர்களே ஒரு ஜீப் பேசிக்கொண்டார்கள்.

நம் ஆள் நடுவில் ஒருமுறை வழுக்கினார், மறுபடி குடித்துவிட்டார். மறு கூட்டத்துக்குப் போகக் கூசியவரை, அந்தத் தேநீர்ப் பெரியவரே தொலைபேசியில் அழைத்துவிட்டார். என் மாத்திரைகளால் அது முடியாது.

இப்போது மனைவிமார்கள் மருந்தகத்துக்கு வருகிறார்கள், தங்களுக்கு என்ன வழி என்று கேட்டு. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் குழு 1951இலிருந்தே இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க இலை பறித்து, எடை போட்டு, வீட்டில் உலை வைக்கிற பெண்ணால் மாலை பஸ் பிடித்துக் குன்னூர் போக முடியாது. ஞாயிறு பகலில் வைத்தால் வருவார்கள். பிள்ளைக் காப்பகம் அன்று பூட்டித்தான் கிடக்கிறது; சாவி கேட்டிருக்கிறேன்.