ஒரே ஆற்றங்கரை, ஒரே அணில்

கேரளத்து மறையூரில் என் வீட்டுத் திண்ணைக்கு மாதம் இரண்டு பேராவது கேமராப் பையோடு வந்து, கானுயிர் ஒளிப்படக் கலையைத் தொழிலாக எடுத்துக்கொண்டால் பிழைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். பெரும்பாலோர் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளைகள். எந்த லென்ஸ் வாங்குவது என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய காடு எது, அதில் எந்த உயிரை ஐந்து வருடம் சலிக்காமல் பார்ப்பீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். தட்டிக்கழிப்பதாக அவர்கள் நினைக்க வேண்டாம். எனக்கு இந்தத் தொழில் அமைந்தது அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகுதான்.

கல்யாணப் படம் எடுத்துச் சேர்த்த பணத்தை முதல் மூன்று வருடம் பந்திப்பூரிலும் கபினியிலும் புலிக்காகச் செலவழித்தேன். புலி கிடைத்தது. ஆனால் அதே ஜீப் வரிசையில் நின்ற இருபது பேரிடமும் அதே படம் இருந்தது. என் படத்தை ஒருவர் காசு கொடுத்து வாங்குவதற்குத் தனியாக ஒரு காரணம் இல்லை.

அந்த நாட்களிலெல்லாம் உடுமலைக்குப் போகும் வழியில் சின்னாறு சரணாலயத்தை வெறுமனே கடந்துகொண்டிருந்தேன். 1984-இல் அறிவிக்கப்பட்ட, சுமார் 90 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு அது. மூணாறு நனைந்து கிடக்கும் ஆடியில்கூட இங்கே முள்மரங்கள் காய்ந்து நிற்கும், ஏனென்றால் இது மலைகள் மழையைத் தடுத்துவிடும் மழைமறைவுப் பகுதி. ஆற்றையும் ஓடைகளையும் ஒட்டி மட்டும் நீர்மருதும் மாவும் புளியும் பச்சை நாடா போல நீண்டு போகின்றன. அந்த நாடாதான் சாம்பல் நிற மலை அணிலின் உலகம். உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் அணில் இது.

இங்கே தனியாக நடக்க அனுமதி கிடையாது. வனத்துறை வழிகாட்டியாக என்னுடன் வந்த முதுவர் பழங்குடிப் பெரியவர் முதல் நாளே சொன்னார்: "தம்பி, அணிலத் தேடாதீங்க. கொம்பும் கொம்பும் எங்க தொட்டுக்கிட்டு நிக்குதுன்னு பாருங்க, அங்கதான் அது குடியிருக்கும்." பக்கத்து மரங்களின் கிளைகள் கோத்துக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அது கூடு கட்டுகிறது, கழுகு வந்தால் தரையில் இறங்காமல் தப்பியோட வழி வேண்டும் அல்லவா?

சின்னாறு போகத் தொடங்கிய இரண்டாம் வருடம் பெருமழையில் ஒரு பழைய மருது சாய்ந்து, நாடாவில் ஒரு கிழிசல் விழுந்தது. அடுத்த வாரம் அந்த இடைவெளியின் ஓரத்தில் ஓர் அணில் வந்து நின்றது. கிளை நுனிவரை வந்தது, வால் நடுங்கியது, திரும்பியது. மறுபடியும் வந்தது. அடிமரத்தில் தலைகீழாகச் சற்று இறங்கித் தரையைப் பார்த்துவிட்டு, வந்த வழியே மேலே ஏறிவிட்டது. ஏறக்குறைய கால் மணி நேரம். கீழிருந்து எடுத்தால் வெள்ளை வானத்தின் முன்னால் உயிர் கரும்புள்ளியாகிவிடும் என்பதால் கரைச்சரிவில் ஏறி, கிளை மட்டத்துக்கு வந்து, வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காகக் கூட்டி எடுத்தேன். அந்தப் படத்தில் பாதிக்கு மேல் வெற்றிடம். எந்தப் போட்டியிலும் அது பரிசு பெறவில்லை. ஆற்றோர மரங்களைப் பற்றிக் கையேடு தயாரித்தவர்கள் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள். நான்காயிரம் ரூபாய் கொடுத்தார்கள், அதன் தொடர்ச்சியாக ஒரு வருட வேலையும் கொடுத்தார்கள். காட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லும் படத்துக்குக் கேட்பவர்கள் குறைவாக இருந்தாலும், வந்தவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். படம் விற்று மட்டும் என் குடும்பம் நடக்கவில்லை. பாதிக்குமேல் வருவது வார இறுதிப் பயிற்சி வகுப்புகளிலிருந்து. மிச்சம் கையேடுகள், தகவல் பலகைகள், தங்கும் விடுதிகளுக்கான அச்சுப்படங்கள். முகூர்த்த மாதங்களில் இன்றும் கல்யாணத்துக்குப் போகிறேன், அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஒரு நிறுவனம் என் வரையாட்டுப் படத்தைக் கேட்காமல் நாட்காட்டியில் அச்சிட்டபோது, ஒப்பந்தத்தாள் ஏதும் இல்லாமல் படக்கோப்பை அனுப்பியிருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றுமுதல் எழுத்து இல்லாமல் ஒரு படமும் வீட்டை விட்டுப் போவதில்லை.

சரணாலயத்துக்குள் படம் எடுக்க 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டும். என் முதல் விண்ணப்பத்தை மலையாளத்தில் எழுதிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு டீச்சர். அந்த அலைச்சலைச் சுமையாக நினைத்து மறைவாக நுழைபவர்களும், குஞ்சு இருக்கும் கூட்டின் முன்னால் இலையை ஒடித்து வழி செய்துகொள்பவர்களும் உண்டு. அப்படி எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் என் வகுப்பில் நான் திரையில் போடுவதில்லை.

மருது சாய்ந்த இடத்தை இன்றும் மாதம் ஒருமுறை அதே சரிவிலிருந்து எடுத்துவருகிறேன். இரு பக்கக் கிளைகளுக்கும் நடுவில் இன்னும் ஒரு ஆள் நீள இடைவெளி இருக்கிறது.