சஸ்பென்ஸ் கணக்கில் ஓர் ஆக்சிஜன்

இருபது வருஷமாக வரவு செலவைச் சமன் செய்தே பிழைப்பு ஓட்டுகிறவன் நான். அதனால் மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இந்த வேதிச் சமன்பாட்டைச் சமன் பண்ணணும், வரவே மாட்டேங்குது" என்றபோது, வேதியியலுக்குக் கும்பிடு போட்டு எத்தனை காலமாயிற்று என்பதெல்லாம் நினைவுக்கே வரவில்லை, இடப்பக்கமும் வலப்பக்கமும் டேலி ஆக வேண்டும், அவ்வளவுதானே, கொண்டா என்று பேனாவைத் திறந்துவிட்டேன். அவள் பென்சிலும் ரப்பரும் எடுத்து நீட்டினாள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

முதல் கணக்கு தண்ணீர். இடப்பக்கம் ஹைட்ரஜன் அணு இரண்டு, ஆக்சிஜன் அணு இரண்டு. வலப்பக்கம் ஹெச்-டூ-ஓ, ஆக்சிஜன் ஒன்றுதான். இதற்கா இவ்வளவு அலட்டல் என்று அந்த ஓ-வின் காலடியில் பொடியாக ஒரு 2 போட்டு, "ம், டேலி" என்றேன்.

"அப்பா, அது ஹைட்ரஜன் பெராக்சைடு. தண்ணி கேட்டா முடி வெளுக்கிற சமாச்சாரத்தைக் குடுக்கறீங்க."

கீழே இருக்கும் குட்டி எண்ணில் கையே வைக்கக் கூடாதாம், வைத்தால் பொருளே வேறாகிவிடும். எத்தனை மூலக்கூறு என்று முன்னால் போடுகிற எண்ணை மட்டும்தான் மாற்றலாம். சரிதான், பில்லில் உள்ள தொகையைத் திருத்தினால் அது மோசடி, எத்தனை பில் என்பதைத்தான் மாற்றலாம் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டு, ஹைட்ரஜனுக்கு முன்னால் 2, தண்ணீருக்கு முன்னால் 2 என்று போட்டேன். நின்றது!

அந்தத் தைரியத்தில் பியூட்டேன் என்கிற வாயுவை ஆக்சிஜனில் எரிக்கப் போனோம். கார்பன் 4, ஹைட்ரஜன் 10. எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். நான் நேராக ஆக்சிஜனைப் பிடித்தேன், அது வலப்பக்கம் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதைக் கவனிக்காமல். கார்பனைச் சரி செய்தால் ஆக்சிஜன் எகிறும், ஆக்சிஜனை அமுக்கினால் ஹைட்ரஜன் பல்லிளிக்கும். "கார்பன் முதல்ல, ஹைட்ரஜன் அப்புறம், தனியா நிக்கிற ஆக்சிஜன் கடைசியில" என்றாள். அப்படிச் செய்தால் கார்பன் டை ஆக்சைடு 4, தண்ணீர் 5, ஆக்சிஜன் அணு மொத்தம் 13. ஆக்சிஜனோ ஜோடி ஜோடியாகத்தான் வரும். ஆறு ஜோடி போக ஒன்று மிச்சம்.

"சஸ்பென்ஸ் கணக்குல போட்டுடலாமா?" என்றேன். டேலி ஆகாத தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க எங்களுக்கு அப்படி ஒரு புண்ணியக் கணக்கு உண்டு.

"எல்லாத்தையும் ரெண்டால பெருக்குங்கப்பா." பெருக்கினேன். பியூட்டேன் 2, ஆக்சிஜன் 13, கார்பன் டை ஆக்சைடு 8, தண்ணீர் 10. இரண்டு பக்கமும் ஆக்சிஜன் அணு 26. மூன்று முறை எண்ணிப் பார்த்தேன், தொழில் பழக்கம்.

இந்தத் தொல்லைக்கெல்லாம் யார் காரணம் என்று கேட்டதற்கு, வேதிவினையில் பொருண்மை அழியாது என்று தராசை வைத்துக்கொண்டு நிரூபித்த லவாய்சியரைக் காட்டினாள். அவர் அரசுக்கு வரி வசூலித்துத் தரும் நிறுவனத்தில் பங்குதாரராம். அடடே, நம்ம லைன் ஆளு என்று எனக்கு ஒரே பெருமை. "அப்புறம் என்ன ஆனார்?"

"1794-ல தலைய வெட்டிட்டாங்க. அந்த வரி வேலைக்காகத்தான்."

பேச்சை மாற்ற ரப்பரைத் தேடினேன். புதுசாக எடுத்து வந்தது, கடலைப்பருப்பு அளவுக்குத் தேய்ந்து கிடந்தது. "பாதி ரப்பர் காணாமப் போச்சே, இப்ப எங்க போச்சாம் உங்க பொருண்மை?" என்று மடக்கினேன்.

நோட்டைச் சாய்த்து ஊதிக் காட்டினாள். "எல்லாம் உங்க சட்டை மேலதான் இருக்கு."