பலகையை எடுத்த பிறகு

மே கடைசியில் தொடங்கி ஜூலை வரை கிருஷ்ணகிரி மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு ராத்திரி பகல் கிடையாது. தோத்தாபுரி மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும். நான் ஆறு சீசன் பழம் பொறுக்கும் பெல்ட்டில் நின்றிருக்கிறேன். கழுவின பழம் வலப்பக்கமிருந்து ஓடி வரும். அழுகல், அடிபட்டது, காம்போடு வந்தது எல்லாவற்றையும் பார்த்த நொடியில் எடுத்துவிட வேண்டும். ஷிப்ட் முடிகிற வரை தலை நிமிராது.

மூன்றாவது சீசனில் வலது தோளுக்குப் பின்னால் ஒரு முடிச்சு விழுந்தது. படுத்தால் பின்மண்டை வரை இழுக்கும். தைலத்தின் சூடு ஆறினதும் வலி அதே இடத்துக்கு வந்துவிடும். "சலூன்ல போய் கழுத்துல நெட்டி எடுத்துக்கிட்டு வா தம்பி" என்றார் பக்கத்தில் நின்ற அக்கா. நல்லவேளை, போகவில்லை. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஏறுகிறது. வெடுக்கென்று திருப்பினால் அது கிழிந்து பக்கவாதம்கூட வரலாம். தயவுசெய்து யாரும் அதைச் செய்துகொள்ளாதீர்கள்.

எனக்கு விளங்க வைத்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோதான். 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் இறங்கும் பாரம் 27 கிலோ அளவுக்குப் போகும் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். தோள்பட்டை எலும்பின் மேல்மூலையிலிருந்து கழுத்தின் முதல் நான்கு எலும்புகளுக்கு ஏறுகிற தசை, குனிந்தே நின்றால் ஓய்வில்லாமல் இழுபடும். என் முடிச்சு சரியாக அங்கேதான் இருந்தது.

இடது கையை வலது தோள்மேல் போட்டு, இரண்டு விரலால் முடிச்சை அழுத்தி, மூச்சை மெதுவாக விட்டபடி அரை நிமிடம் பிடிக்கச் சொன்னார். வலி இதமாக இருக்கிற அளவுக்குத்தான் அழுத்த வேண்டும். தொண்டைப் பக்கம், நாடி துடிக்கிற இடத்தில் கையே வைக்கக் கூடாது. விரல் எட்டாத இடத்துக்கு, சுவருக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்து. அப்புறம் இடது அக்குளை முகர்வதுபோல முகத்தைத் திருப்பித் தாழ்த்தி இருபது விநாடி. கடைசியாக, தலையைக் குனியாமல் மோவாயை நேராகப் பின்னுக்கு இழுத்து ஐந்து விநாடி, பத்து தடவை. பெல்ட் கழுவ நிறுத்தும்போதெல்லாம் இதைச் செய்தேன்.

முடிச்சு இளகியது. ஆனால் மறுநாள் சாயங்காலம் திரும்ப வந்தது. அப்போதுதான் காலடியைப் பார்த்தேன். குள்ளமானவர்களுக்கு எட்டுவதற்காக எல்லோருக்கும் ஒரே மாதிரி மரப்பலகை போட்டிருந்தார்கள். உயரமான நான் அதன்மேல் நின்று இன்னும் அதிகமாகக் குனிந்திருக்கிறேன்! சூப்பர்வைசரிடம் கேட்டுப் பலகையை எடுத்தேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பெல்ட்டின் எதிர்ப்பக்கம் மாறி நின்றேன், கழுத்து ஒரே பக்கம் திரும்பாமல் இருக்க. தேய்த்ததும் நீட்டியதும் உதவின. ஆனால் வலியை வரவிடாமல் செய்தது பலகையை எடுத்ததும் பக்கம் மாறி நின்றதும்தான்.

போன சீசனில் அதே அக்கா என்னிடம் பந்து கேட்டார். கழுத்து வலியோடு இடது கைவிரல் மரத்துப்போகிறது, கத்தி பிடி நழுவுகிறது என்றார். மரத்துப்போவதும் பலம் குறைவதும் தேய்த்துப் பார்க்கிற விஷயமே இல்லை. பந்தைக் கொடுக்காமல், மறுநாள் காலையில் அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.