சேர்ந்து கற்காத குழு

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது, சர்வர் பராமரிப்பில் இருந்த எங்கள் குழு சென்னை அலுவலகத்தை விட்டு அவரவர் ஊருக்குக் கலைந்தது. அதன் பின் சேர்ந்த நால்வரை நேரில் பார்க்காமலேயே நான் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. பதிவுசெய்த காணொளிகளும் ஒவ்வொன்றின் முடிவில் சில கேள்விகளும்தான் பயிற்சி. நால்வரும் நல்ல மதிப்பெண் வாங்கியதால், பயிற்சி நிறைவுற்றது என்று நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

குறை ஓர் இரவுப் பணியில் வெளிப்பட்டது. மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றிய சிறிது நேரத்தில் தரவுத்தள இணைப்புகள் நிரம்பி, வாடிக்கையாளரின் தளம் முடங்கியது. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் (இதைத்தான் ரோல்பேக் என்போம்) என்பது நால்வருக்குமே தெரியும். ஆனால் அதை யார் சொல்வது, தரவுத்தளத்தில் தங்களுள் கைதேர்ந்தவர் யார் என்பது எவருக்கும் தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் 'பார்க்கிறேன்' என்று நால்வரும் எழுதியிருந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து என்னை எழுப்பி, "அண்ணா, ரோல்பேக் பண்ணிடலாமா?" என்று கேட்டார்கள். அதற்கு என் அனுமதி தேவையே இல்லை.

லியாங், மோர்லேண்ட், ஆர்கோட் ஆகிய மூவர் 1995இல் வெளியிட்ட ஆய்வைப் பிற்பாடு படித்தபோதுதான் எனக்குக் காரணம் பிடிபட்டது. வானொலிப் பெட்டியைப் பாகம் பாகமாகப் பொருத்தும் அந்தச் சோதனையில், தனித்தனியே பயின்று பின்னர் கூடியவர்களைவிட, ஒரே குழுவாகப் பயின்றவர்கள் செய்முறையை அதிகம் நினைவில் வைத்திருந்ததோடு பிழையும் குறைவாகச் செய்தார்கள். யாருக்கு எது தெரியும் என்பதை அவர்கள் சேர்ந்தே கற்றிருந்தார்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் சோதனைச் சர்வரில் நானே ஏதேனும் ஒன்றைப் பழுதாக்கி, நால்வரையும் ஒரே அழைப்பில் சரிசெய்யச் சொன்னேன். முடிவு சொல்பவர் வாரந்தோறும் மாறுவார். என் மைக் அணைந்திருக்கும். (ஒருமுறை ஈரோட்டுக்காரர் வீட்டில் மின்சாரம் போய், நான் திட்டமிடாத பாடமும் நடந்தது.) விடை தெரிந்தும் வாய்திறக்காமல் இருப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. மூன்றாம் மாதத்தில் உண்மையாகவே தளம் முடங்கியபோது, பணியிலிருந்த பெண் "நான் பழைய பதிப்புக்கு மாற்றுகிறேன், ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள்" என்று எழுதியிருந்ததைக் காலையில்தான் பார்த்தேன்.

பின்னர் ஒருவர் விலக, வேலை நெருக்கடியில் புதியவருக்குக் காணொளிகளை மட்டும் அனுப்பிவைத்தேன். அடுத்த வாரமே இரவில் எனக்கு மறுபடி தொலைபேசி வந்தது.