ஜெர்மனிச் செலவுக் கணக்கில் நான் விட்டவை
ஜெர்மனியில் கல்விக் கட்டணமே இல்லை என்ற நம்பிக்கையில்தான் மகளின் மேற்படிப்புக்குக் கணக்குப் போட்டேன். அவள் தேர்ந்தெடுத்த ஸ்டுட்கார்ட் நகரம் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் இருக்கிறது என்பதும், அம்மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் நம்மைப் போன்ற வெளிநாட்டினரிடம் 2017ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு பருவத்துக்கும் (செமஸ்டர்) 1,500 யூரோ வாங்குகின்றன என்பதும் பிறகுதான் தெரிந்தது.

விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாணவரின் வாழ்க்கைச் செலவுக்கென முன்கூட்டியே பணம் போட்டு முடக்கிவைக்கும் வங்கிக் கணக்கில், 11,904 யூரோ செலுத்தினோம். பெரிய தொகைதான், ஆனால் அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே கைக்கு வரும் என்பதால், வீட்டுக்காரர் கேட்ட மூன்று மாத வாடகை முன்பணத்துக்கு அது உதவவில்லை. மனைவியின் வளையல்களை அடகு வைத்து அனுப்பினேன். முன்பணத்தை மாதம் ஒன்றாக மூன்று தவணைகளில் செலுத்தும் உரிமை அந்நாட்டுச் சட்டத்திலேயே உண்டு என்பதை, வட்டி கட்டத் தொடங்கிய பிறகு அறிந்தேன்.

அடுத்து வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அறையில் இரண்டும் இல்லை. இருந்தாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டத்தான் வேண்டும். உடன் வசிக்கும் இருவரோடு பிரித்ததில் அவள் பங்கு 6.12.

ஆண்டுக்கு 140 முழு நாள்கள் வேலை செய்யலாம் என்ற அனுமதியை வரவுப் பக்கத்தில் முதலிலேயே எழுதியிருந்தேன். முதல் பருவத்தில் அவளுக்கு வேலையே கிடைக்கவில்லை.