வெந்தய வாசனை அடித்த ஒயின்

ஒயின் குடிக்காத என் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். சும்மா முகர்ந்து பார்க்கலாமே என்று என் கோப்பையை வாங்கியவள், “ஏங்க, இது வெந்தயக் குழம்பு வாசனை இல்ல?” என்றாள். சிரித்துவிட்டு நானும் முகர்ந்தேன். வெந்தயமேதான். எண்ணெயில் சிவக்க வறுத்த வெந்தயம்.

நாங்கள் நின்றிருந்தது அர்புவா என்ற சிற்றூரில், ஒரு ஒயின் கடையின் நிலவறையில். கிழக்கு பிரான்சில், சுவிட்சர்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஜூரா வட்டாரம். அர்புவா அதில்தான். பெசான்சோனில் இறங்கி வட்டார ரயில் மாறி வந்தோம். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் நடந்தே போய்விடலாம் என்று வீரமாகச் சொன்னது நான். பெட்டியின் ஒரு சக்கரம் அந்த வீரத்தோடு போய்விட்டது.

கோப்பையில் இருந்தது ‘வேன் ஜோன்’. மஞ்சள் ஒயின் என்று அர்த்தம். சவான்யான் என்ற வெள்ளைத் திராட்சையில் மட்டும்தான் செய்வார்கள். பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறைந்தால், வேறு ஊர்களில் மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். இங்கே தொடுவதே இல்லை. காய்ச்சிய பாலில் ஆடை படிகிற மாதிரி ஒயின்மேல் ஈஸ்ட் ஒரு ஏடாகப் படர்கிறது. அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் முக்காடு. ஒயின் புளித்துக் காடியாகாமல் காப்பதும் அதுதான், மெதுவாக இந்த வாசனையை ஏற்றுவதும் அதுதான். குறைந்தது 6 வருடம் 3 மாதம் காத்திருக்க வேண்டும். அதனால்தான் பாட்டிலும் குள்ளமாக, 62 சென்டிலிட்டர் மட்டும் பிடிக்கிறது. ஒரு லிட்டர் ஊற்றி வைத்தால் கடைசியில் மிஞ்சுவது அவ்வளவுதானாம்.

கடைக்காரரிடம் வெந்தய விஷயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவே இல்லை. இந்த ஒயினை விவரிக்க வால்நட், கறி மசாலா என்ற வார்த்தைகளை இங்கே சாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள். சோட்டோலான் என்றொரு சேர்மம் இருக்கிறது. வெந்தயத்தின் மணத்துக்கும் அதுதான் காரணம், இந்த ஒயினின் மணத்துக்கும் அதுதான். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சிரித்தது தப்பு.

தொட்டுக்கொள்ள வந்தது கோம்தே சீஸ். அதுவரை ஒயினும் சீஸும் என்றாலே ஏதோ பணக்கார விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். தனியாகக் குடித்தபோது வேன் ஜோன் நாக்கைப் பிடித்து இழுத்தது. அவ்வளவு வறட்சி, கூடவே ஒரு புளிப்பு. இரண்டு வருடம் பழுத்த கோம்தே ஒரு துண்டை மென்றுவிட்டு மறுபடி ஒரு மிடறு குடித்தேன். சீஸின் கொழுப்பும் உப்பும் அந்த முரட்டுத்தனத்தை அடக்கிவிட்டன. தயிர்சாதத்துக்கு மாவடு மாதிரி. வேறு உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பக்கத்து ஊரான பொலின்யிக்குப் போனோம். கோம்தேயின் தலைநகர் என்று அதைச் சொல்கிறார்கள். சீஸைப் பெரிய சக்கரம் மாதிரி வார்க்கிறார்கள். 40 கிலோ சக்கரம் ஒன்றுக்குச் சுமார் 400 லிட்டர் பால் வேண்டும். மாடுகளுக்குப் பச்சைப் புல்லும் காய்ந்த புல்லும் போடலாம், புளிக்கவைத்த ஊறல் தீவனம் கூடவே கூடாது. பழுத்த சக்கரங்களுக்கு 20-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 14-உம் அதற்கு மேலும் வாங்கினால் பச்சைப் பட்டை, 12-க்குக் கீழே போனால் கோம்தே என்ற பெயரே கிடையாது. பிளஸ் டூ ரிசல்ட் தேவலாம்.

இன்னொரு வேடிக்கை. லூயி பாஸ்டர் வளர்ந்தது அர்புவாவில்தான். ஒயின் ஏன் கெட்டுப்போகிறது என்று 1860-களில் இங்கே நுண்ணோக்கியில் பார்த்தவர், அதைச் சூடாக்கிக் காக்கும் வழியைச் சொன்னார். நம் பால் பாக்கெட்டில் இருக்கும் ‘பாஸ்டரைஸ்டு’ அவர் பெயர்தான். ஆனால் அவருடைய ஊரைச் சுற்றிச் செய்யும் கோம்தேக்குப் பச்சைப்பால்தான் வேண்டும், சூடாக்கிய பால் ஆகாது.

என் மனைவி அதில் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. பாலைத் திரிய வைக்க எதைச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டாள். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி என்றார்கள். சரி, அத்தோடு முடிந்தது. சைவர்கள் ஐரோப்பாவில் சீஸ் வாங்கும்முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

நாங்கள் தங்கிய வீட்டம்மாவிடம் நான் திட்டு வாங்கியதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டில் வாங்கி நேராக ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். பார்த்ததும் “ஐயோ, கொன்றுவிட்டீர்களே!” என்கிற முகத்தோடு வெளியே எடுத்து வைத்தார். ஜில்லென்று குடித்தால் வாசனை எழாதாம். முன்கூட்டியே திறந்தும் வைக்க வேண்டுமாம்.

கிளம்பும் நாள் காலை, கையோடு கொண்டுபோயிருந்த பில்டரில் காபி போட்டு அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு, “சிக்கரி!” என்றார். அவருடைய பாட்டி அப்படித்தான் கலப்பாராம். நெப்போலியன் காலத்தில் கடல்வழி வணிகம் முடங்கி காபிக்கொட்டை கிடைக்காமல் போனபோது பிரான்சில் பரவிய பழக்கம் அது. மிச்சமிருந்த அரை பாக்கெட் பொடியை அவரிடமே கொடுத்துவிட்டோம்.

பதிலுக்கு ஒரு பெரிய துண்டு கோம்தேயைத் தாளில் சுற்றி என் மனைவி கையில் திணித்தார். அவளும் நன்றி சொல்லி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். ரயில் நகர்ந்ததும் எடுத்து என் மடியில் வைத்தாள்.