எதிர்க்காற்றில் 110 கிலோமீட்டர்

ஆடி மாதத்தில் திருச்செந்தூரிலிருந்து பாபநாசம் வரை பைக்கில் போகவே கூடாது. இதை என் மச்சினன் முந்தின நாள் இரவே சொல்லிவிட்டான். "பஸ்ஸுல போயிருவோம் அத்தான். காத்து மூஞ்சில அறையும்." எனக்கோ கடலில் தொடங்கி மலையில் முடிக்க வேண்டும், நடுவில் நினைத்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை. பஸ்ஸில் அது நடக்காது. சரி, வண்டி அவனுடையது, பெட்ரோல் என்னுடையது என்று பேசி முடித்தோம்.

தமிழ்நாட்டின் இயற்கை அமைப்பு என்றால் பள்ளிக்கூடத்தில் ஒரு வரைபடம் தருவார்கள். கிழக்கே கடற்கரைச் சமவெளி பச்சையில், நடுவே பீடபூமி மஞ்சளில், மேற்கே மலைத்தொடர் பழுப்பில். மூன்று கட்டங்களுக்கும் நடுவே கோடு போட்டிருக்கும். வண்ணப் பென்சில் வைத்து அதை நானும் தீட்டியிருக்கிறேன். அந்தக் கோடுகள் தரையில் எங்கே இருக்கின்றன என்று பார்க்க இந்தப் பாதை போதும் என்று தோன்றியது. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேரும்வரை சுமார் 128 கிலோமீட்டர்தான். ஆறு வருகிற வழியில் எதிர்த்திசையில் ஏறிப் போவதாகத் திட்டம்.

விடிவதற்குள் திருச்செந்தூரை விட்டுக் கிளம்பி முதலில் தேரிக்குப் போனோம். குதிரைமொழித் தேரி. பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? செங்கல் சூளையில் உடைந்த செங்கலை எல்லாம் மாவாக இடித்து, அதைக் கண்ணுக்கு எட்டியவரை கொட்டி, மேலே பனையும் உடைமரமும் கொல்லாமரமும் (முந்திரிதான்) நட்டு வைத்த மாதிரி. கடலிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஆனால் கடற்கரை மணலோடு இதற்கு எந்த ஒட்டும் இல்லை. கையில் எடுத்துத் தேய்த்தால் விரலில் சிவப்பு ஒட்டுகிறது. மணல் துகளைச் சுற்றி இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருப்பதால் வருகிற நிறம் இது.

இந்த மண் எங்கிருந்து வந்தது என்பதற்குப் புவியியலாளர்கள் தரும் விளக்கங்களில் எனக்குப் பிடித்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிற இடைவெளிகள் வழியாகப் பீறிட்டு வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் அப்படி ஒன்று. அந்தப் பக்கம் காற்றாலைகள் நெருக்கி நிற்பதற்கும் அதுதான் காரணம். மலையடிவாரத்துச் செம்மண்ணை அந்தக் காற்று பல்லாயிரம் ஆண்டுகளாக அள்ளி வந்து கடலுக்கு முன்னால் இறக்கி வைத்தது என்கிறார்கள். ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். இங்கே பறந்து வந்தது மலையடிவாரமே.

வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறியது. காலடியில் மணல் புகை மாதிரி ஓடத் தொடங்கியது. நாங்கள் ஏறி வந்த தடம் திரும்பிப் பார்க்கும்போது பாதி இல்லை. அந்த மரங்களையெல்லாம் ஏன் வைத்தார்கள் என்பது அப்போது விளங்கியது. நடந்துபோகிற மணலைப் பிடித்து நிறுத்த வேர்தான் ஒரே வழி.

தேரி ஓரத்தில் கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொடுத்த அம்மாவிடம், "இங்கே மழை பெய்தால் சேறாகிவிடாதா?" என்று கேட்டேன். "சேறா? எவ்வளவு பெஞ்சாலும் மண்ணு குடிச்சிரும் தம்பி. செருப்புல ஒட்டாது" என்றார். குடித்த தண்ணீர் எங்கே போகிறது என்பதற்கு விடை பக்கத்திலேயே இருக்கிறது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில், பெயரிலேயே சுனை. தேரி ஒரு பெரிய பஞ்சு. மேலே பாலைவனம் மாதிரி காய்ந்து கிடக்கும், உள்ளே நல்ல தண்ணீரை வைத்திருக்கும், தாழ்ந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

இந்தப் பக்கத்தை வறண்ட பூமி என்று சுலபமாகச் சொல்லிவிடவும் முடியாது. தமிழ்நாட்டின் ஆண்டு சராசரி மழை 90 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஒரு மாநிலம் வருடம் முழுக்கப் பெறுகிற மழை, தேரிக்குப் பக்கத்து ஊரில், 24 மணி நேரத்தில். ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துப்போட, நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரயில் நின்றுபோனதும் அப்போதுதான். நாங்கள் போன ஆடியில் அதே ஊர்களில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அடுத்த மழை ஐப்பசியில். கடற்கரைக்கு அது வடகிழக்கிலிருந்துதான் வரவேண்டும்.

தேரியை விட்டு ஆற்றுப்பக்கம் இறங்கியதும் நிறம் மாறியது. மாறியது என்றால் படிப்படியாக இல்லை, ஒரு வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும். இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் வாழை. ஆத்தூரில் வெற்றிலைக்கொடிக்கால்கள், ஏரல் போகும் வழியெல்லாம் வாழைத்தார் ஏற்றிய வண்டிகள். கொற்கையில் சும்மா பத்து நிமிடம் நின்றோம். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். இன்று கடல் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. துறைமுகத்தில் நின்றுகொண்டு கடலைத் தேடுவது விசித்திரமாக இருந்தது. கடல் எங்கேயும் ஓடிப்போகவில்லை. ஆறு மலையிலிருந்து சுமந்துவந்த வண்டலைப் போட்டுப் போட்டுக் கரையை வெளியே தள்ளிவிட்டது. தேரியில் காற்று செய்த வேலையை இங்கே தண்ணீர் செய்திருக்கிறது. காலையிலிருந்து நான் மிதித்த மண்ணெல்லாம் மேற்கிலிருந்து வந்த மண் என்று மச்சினனிடம் சொன்னேன். "அப்ப மலைக்கே வராம மலையப் பாத்துட்டீங்க. திரும்பிருவோமா?" என்றான். அவனுக்கு முதுகு வலி.

ஆதிச்சநல்லூரில் இடம் பிடித்து வைத்தவர்களின் மூளையை மெச்ச வேண்டும். ஆற்றின் தென்கரையில் மேடாக, சரளைக்கல்லாக, ஒன்றும் விளையாத நிலம். பரம்பு என்பார்கள். பரப்பு 114 ஏக்கர். அங்கேதான் முதுமக்கள் தாழிகளைப் புதைத்திருக்கிறார்கள். வெள்ளம் ஏறாது, உழவும் வராது. நெல் விளைகிற நிலத்தில் ஒரு சாண்கூட இறந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே முதலில் தோண்டினார். அப்புறம் அலெக்சாண்டர் ரீ. இப்போது தோண்டிய இடத்திலேயே அருங்காட்சியகம் அமைத்து, தாழிகளைக் குழிக்குள் இருந்தபடியே கண்ணாடி வழியாகப் பார்க்க வைத்திருக்கிறார்கள். எனக்குத் தாழியைவிட அந்தச் சரளை மேடுதான் மனதில் நின்றது. சமவெளி என்று ஒரே பச்சையாகத் தீட்டினோமே, அதற்குள் பத்தடி மேடும் பள்ளமும் எதைப் புதைக்கலாம், எதை நடலாம் என்று தீர்மானித்திருக்கிறது.

பாளையங்கோட்டையில் மதியச் சாப்பாடு. அனல். வானத்தில் மேகங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, ஒரு சொட்டு விழவில்லை. மலைமறைவுப் பிரதேசம் என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்த வார்த்தை, வியர்வையாக முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று கேரளப் பக்கம் மலையில் ஏறும்போது குளிர்ந்து ஈரத்தை எல்லாம் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி, காய்ந்து, வெறும் காற்றாக வருகிறது.

அங்கிருந்து சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம். எதிர்க்காற்றில் வண்டி நாற்பதைத் தாண்ட மறுத்தது. ஆனால் இந்த 40 கிலோமீட்டர்தான் நாளின் நல்ல பகுதி. கார் பருவ நெல் இருபக்கமும் இளம்பச்சையில் நிற்கிறது. மழையே இல்லாத மாதத்தில் இந்த வயல்களுக்குத் தண்ணீர் எப்படி? தலையை நிமிர்த்தினால் தெரிகிறது. மேற்கே மலைமுகடு முழுக்கக் கருமேகம் கவிழ்ந்து கிடக்கிறது. வரப்பில் வெயில், 20 கிலோமீட்டர் தள்ளி மலையில் அடைமழை. அந்த மழைதான் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கிறது. தென்மேற்கு மழையில் மலையைத் தாண்டித் தெறிப்பது உச்சிப் பகுதிகளுக்குக் கிடைக்கிறது. ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி எல்லாம் மாநிலத்திலேயே அதிக மழை வாங்குகிற இடங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று அதே மலையின் கிழக்குச் சரிவில் நேராக மோதுகிறது. இரண்டு பருவமும் ஒரே ஆற்றுக்குச் சேருவதால் கார், பிசானம் என்று இரண்டு போகம்.

அந்தத் தண்ணீரைத் திருப்ப ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒன்றுதான் ஆங்கிலேயர் காலம். மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. நதியுண்ணி என்று ஒரு கால்வாய்க்குப் பெயர் வைத்தவன் கவிஞனாகத்தான் இருக்க வேண்டும்.

மாஞ்சோலை வரை ஏற வேண்டும் என்பது திட்டம். அதற்கு முன்கூட்டியே வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை. போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தது என் அசட்டுத்தனம். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988இலிருந்து. பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை. மணிமுத்தாறு அணையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு வண்டியைப் பாபநாசத்துக்குத் திருப்பினேன். மச்சினன் வழிநெடுக ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

பாபநாசம் நெருங்க நெருங்கக் காற்றில் ஈரம் தட்டியது. முதலில் வாசனை, அப்புறம் கண்ணாடியில் புள்ளி, அப்புறம் சட்டை நனையாத அளவுக்குச் சாரல். இங்கேதான் கோடு இருக்கிறது என்று தோன்றியது. வரைபடத்தில் பென்சிலால் போட்ட இடத்தில் இல்லை. எந்த இடத்தில் காற்று தன் கடைசி ஈரத்தை விடுகிறதோ அந்த இடத்தில். நாளைக்குக் காற்று வலுத்தால் அது இரண்டு கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப்போகும். அண்ணாந்து பார்த்தேன். 1868 மீட்டர் உயரம் என்கிற பொதிகை எங்கோ உள்ளே இருக்கிறது. மேகம் காட்டவில்லை.

கோவில் படித்துறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். காலையில் ஏறிய தேரி மண் இரண்டு ஷூவிலும் ஒரு கைப்பிடி தேறும். ஆற்றில் கொட்டினேன். இரை என்று நினைத்து மீன்கள் மொய்த்தன, கடித்துப் பார்த்துவிட்டு விலகின. சிவப்பு ஒரு நொடி தண்ணீரில் விரிந்து கரைந்தது.

"திருச்செந்தூர் மண்ணு, திருச்செந்தூருக்கே போயிரும்" என்றேன்.

"எங்க அத்தான், எட்டு அணை தாண்டணும்" என்றான். பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு, "திரும்பும்போது காத்து முதுகுல இருக்கும்லா, நான் ஓட்டுதேன்" என்று சாவியைக் கேட்டான்.